1996 நாக் அவுட்: இலங்கையை ஜெயிக்க வைத்தது அந்த முதல் 15 ஓவரா?

கவர்டிரைவ்:

உலகக் கோப்பை நெருங்கினாலே டிவியில் உட்கார்ந்திருக்கும் நிபுணர்கள் ஒரு கதையைத் தவறாமல் எடுத்துவிடுவார்கள். 1996-ல் ஜெயசூர்யாவும் கலுவிதாரணவும் முதல் 15 ஓவரில் போட்டுப் பிளந்தார்கள், ஒருநாள் கிரிக்கெட்டே தலைகீழானது, இலங்கை கோப்பையைத் தூக்கியது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலிறுதியிலிருந்து ஸ்கோர்கார்டை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

கலுவிதாரண: 8, 0, 6. மூன்று நாக் அவுட் ஆட்டத்திலும் சேர்த்து 14 ரன்.
ஜெயசூர்யா: 82, 1, 9.

ஃபைசலாபாத்தில் இங்கிலாந்தை 44 பந்தில் 82 அடித்துக் கதறவிட்டார், அதில் மறுபேச்சு இல்லை. 236 என்ற இலக்கை 40.4 ஓவரில் முடித்துவிட்டார்கள். ஆனால் அடுத்து கல்கத்தா ஈடன் கார்டனில், இந்தியாவுடன் அரையிறுதியில் என்ன ஆனது? ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே இரண்டு ஓப்பனரும் தேர்ட் மேனில் கேட்ச் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1 ரன்னுக்கு 2 விக்கெட். ஆஸ்திரேலியாவுடன் லாகூர் இறுதியில் 23-க்கு 2. ஓப்பனிங் படுத்துவிட்ட இரண்டு ஆட்டத்தையும் இலங்கைதான் ஜெயித்தது.

என் கட்சி இதுதான். அந்த அணியை நாக் அவுட்டில் கரை சேர்த்தது அரவிந்த டி சில்வாவும் நான்கு ஸ்பின்னர்களும். லீக்கில் நடந்ததைத் தூக்கி நாக் அவுட்டில் வைத்துப் பேசுகிறோம். மறுப்பவர்கள் வரலாம்.

ஃபுல்டாஸ்:

வந்துட்டேன். ஓப்பனர் ரன் அடிச்சாத்தான் கணக்கா? டெல்லி லீக் மேட்சை மறந்துட்டீங்களே தல. சச்சின் 137 அடிச்சு நாம 271 எடுத்தோம். அவங்க முதல் மூணு ஓவர்லயே 42. பிரபாகர் நாலு ஓவர்ல 47 கொடுத்து, கடைசியில ஆஃப் ஸ்பின் போடற நிலைமைக்கு வந்தாரு. அதோட அவரோட ஒருநாள் வாழ்க்கையே முடிஞ்சுது. அந்த அடி மனசுல இருந்ததாலதான் அசாருதீன் கல்கத்தாவுல டாஸ் ஜெயிச்சும் ஃபீல்டிங் எடுத்தாரு. "எவ்வளவு அடிச்சாலும் துரத்திருவானுங்க, முதல்ல அவங்களே ஆடட்டும்"னு. ஆக ஜெயசூர்யா 1 ரன்ல அவுட் ஆனாலும், அவரு வேலை டாஸ்லயே முடிஞ்சுபோச்சு.

கவர்டிரைவ்:

//அவரு வேலை டாஸ்லயே முடிஞ்சுபோச்சு//

இது நல்ல வாதம். ஆனால் பயம் காட்டியதற்கும் ஆட்டத்தை ஜெயித்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. 1-க்கு 2 ஆனபோது அசாருதீன் கணக்கு சரியாகத்தான் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் குருசிங்கவும் போய் 35-க்கு 3. அந்த இடத்தில் எந்த அணியாக இருந்தாலும் இருபது ஓவருக்குத் தட்டித் தட்டி ஓட்டியிருக்கும். அரவிந்த என்ன செய்தார்? 47 பந்தில் 66, அதில் 14 பவுண்டரி. அவர் அவுட் ஆகும்போது ஸ்கோர் 85, ஓவர் இன்னும் 15 ஆகவில்லை. மூன்று விக்கெட் விழுந்த மாதிரியே ஸ்கோர்போர்டு காட்டவில்லை. அவர் தூக்கித் தூக்கி அடிக்கவும் இல்லை. ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத் தரையோடு தள்ளினார். கும்ப்ளே வருவதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது.

அதன் பிறகு மஹானாம 58 எடுத்து, கால் பிடித்துக்கொண்டு வெளியே போனார். கேப்டன் ரணதுங்க 35, திலகரத்ன 32. மொத்தம் 251. ஆர்ப்பாட்டமே இல்லாத 251.

ஸ்கோர்கார்டு மாமா:

குறித்து வைத்திருப்பதால் சொல்கிறேன். அரையிறுதியில் இந்தியா ஆடிய 34.1 ஓவரில் வேகப்பந்து 11 ஓவர்தான். மிச்சம் 23.1 ஓவரும் ஸ்பின்: 68 ரன், 6 விக்கெட். ஜெயசூர்யா மட்டும் 7 ஓவரில் 12 ரன்னுக்கு 3. பேட்டிங்கில் 1 ரன் எடுத்தவர் பந்துவீச்சில் ஆட்டத்தையே முடித்தார்.

இறுதியில் முரளி 10, தர்மசேன 10, அரவிந்த 9, ஜெயசூர்யா 8. ஆக 50 ஓவரில் 37 ஓவர் ஸ்பின். 163 ரன், 6 விக்கெட். ஆஸ்திரேலியா 137-க்கு 1 என்று இருந்தது; டெய்லரும் பாண்டிங்கும் ஓட்டிக்கொண்டிருந்த ஓட்டத்துக்கு 280 தாண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அரவிந்த வந்து டெய்லரை 74-ல் அனுப்பினார், பிறகு பாண்டிங்கை 45-ல் போல்டு. 205-க்கு 7. கடைசியில் 241.

தொடர் முழுவதும் பார்த்தாலும் கலுவிதாரணவின் மொத்த ரன் 73. ஜெயசூர்யா 221. அரவிந்த 448. தொடர் நாயகன் விருது மட்டும் ஜெயசூர்யாவுக்கு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மெரினா எண்ட்:

எல்லாரும் கல்கத்தா, லாகூர்னு பேசறீங்க. அந்த ஒம்போது நாள்ல சேப்பாக்கத்துலயும் ஒரு காலிறுதி நடந்துச்சு சாமி. மார்ச் 11, நியூசிலாந்து - ஆஸ்திரேலியா. ஊரு பேரு அப்போ இன்னும் மெட்ராஸ்தான், சென்னைனு மாத்தினது அதுக்கு அப்புறம்.

நான் அன்னைக்கு ஸ்டாண்டுல இருந்தேன். நம்ம டீம் ஆடாத மேட்ச்சு, இருந்தும் கூட்டம். நியூசிலாந்து 44-க்கு 3. சரி, சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்னு பக்கத்துல ஒருத்தர் பையை எல்லாம் எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு. அப்பதான் கிறிஸ் ஹாரிஸ். சட்டை உடம்போட ஒட்டிக்கிச்சு, ஓவருக்கு ஓவர் தண்ணி கேக்கறாரு, ஆனா மெக்ராத், வார்ன் யாரையும் விடல. 124 பந்துல 130. இந்தப் பக்கம் கேப்டன் லீ ஜெர்மன் 89. ரெண்டு பேரும் சேர்ந்து 168. பையை மடியில வெச்சிருந்தவர் திரும்பக் கீழ வெச்சுட்டு கை தட்ட ஆரம்பிச்சுட்டாரு. 286!

அந்தக் காலத்துல 286 துரத்தறதெல்லாம் சும்மா இல்ல. ஆனா மார்க் வா. தொடர்ல மூணாவது செஞ்சுரி. மிட் விக்கெட் பக்கம் மணிக்கட்டைத் திருப்பறதைப் பாத்தா நம்ம ஆள் மாதிரியே இருக்கும், அதான் சேப்பாக்கம் அவரைத் தலையில தூக்கி வெச்சு ஆடுச்சு. நாலாவதா வார்னை இறக்கினாங்க, 14 பந்துல 24. ஸ்டீவ் வாவும் லாவும் முடிச்சு வெச்சாங்க. 47.5 ஓவர்ல 289.

ஹாரிஸ் மாதிரி ஒரு இன்னிங்ஸ் தோத்த பக்கம் போனதால யாரும் பேசறதில்ல. எனக்கு அதுல இன்னும் வருத்தம்தான்.

நைட்வாட்ச்மேன்:

நான் 2011-க்கு அப்புறம் பார்க்க ஆரம்பிச்ச தலைமுறை. ஒரு சந்தேகம். வார்னை ஏன் நாலாவது இறக்கினாங்க? அவர் பேட்ஸ்மேன் இல்லையே?

ஸ்கோர்கார்டு மாமா:

தம்பி, அந்த வருஷம் எல்லா கேப்டனுக்கும் பிடித்திருந்த காய்ச்சல் அது. பிஞ்ச் ஹிட்டர் என்று ஒரு பேர். முதல் 15 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம் என்ற விதி. அதைப் பயன்படுத்திக்கொள்ள எவனாவது ஒருவனை முன்னால் தள்ளிவிடுவது.

இலங்கை ஓப்பனர்களைப் பார்த்து மற்றவர்கள் அடித்த காப்பியைப் பாருங்கள். இங்கிலாந்து ஃபைசலாபாத்தில் டிஃப்ரைடஸை முன்னே அனுப்பியது, 67 எடுத்தார், பலன் இல்லை. சேப்பாக்கத்தில் வார்ன் வேலைக்கு ஆனார். கல்கத்தாவில் அஜய் ஜடேஜாவுக்கு முன்னால் ஸ்ரீநாத்தை அனுப்பினோம், 6 ரன்னில் ரன் அவுட். மொஹாலியில், ஆஸ்திரேலியாவுடன் நடந்த இன்னொரு அரையிறுதியில், வெஸ்ட் இண்டீஸ் ஹார்ப்பரையும் கிப்சனையும் ஜிம்மி ஆடம்ஸுக்கு முன்னால் இறக்கியது. 2 ரன், 1 ரன். லாகூரில் மறுபடியும் வார்ன், முரளி பந்தில் இறங்கி வந்து ஸ்டம்ப்பிங், 2 ரன்.

கவர்டிரைவ் சொல்வது இங்கேதான் எனக்குப் பிடிபடுகிறது. மற்றவர்கள் இலங்கையின் முதல் 15 ஓவரைக் காப்பி அடித்தார்கள். 16-வது ஓவருக்கு மேல் அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வெள்ளவத்தை:

வணக்கம். நான் கொழும்பிலயிருந்து. நீங்கள் கதைக்கிறதை வாசிச்சுக்கொண்டு இருந்தனான், இதுக்கு மேல சும்மா இருக்கேலாது.

ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அதைக் காரணம் காட்டி அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரமாட்டம் எண்டிட்டினம். புள்ளி சும்மா கிடைச்சது, ஆனா காலிறுதிக்கு முதல் நாங்கள் உண்மையா ஆடினது மூண்டே மூண்டு ஆட்டம்: சிம்பாப்வே, இந்தியா, கென்யா. தொடங்கிறதுக்கு முதல் இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாச் சேர்ந்து கொழும்பில வந்து ஆடிப்போட்டுப் போனதை இங்க இன்னும் ஆக்கள் மறக்கேல்லை. அசாருதீனை ஏசுற ஆக்கள் அதையும் ஒருக்கா நினைக்கவேணும், அண்டைக்கு அவர்தான் தலைவர்.

முரளியை எடுங்கோ. 1995 டிசம்பரில மெல்பேணில பந்தை எறியிறார் எண்டு டெரல் ஹெயர் "நோ போல்" குடுத்தது. ஜனவரியில பிரிஸ்பேணில திரும்பவும் வேற ஒரு நடுவர். ரெண்டு மாதம் கழிச்சு அதே அவுஸ்திரேலியாவுக்கு எதிரா இறுதி ஆட்டம். 10 ஓவர், 31 ஓட்டம், 1 விக்கெட். அவர் கண்டிப் பொடியன், தமிழன். அந்த நேரத்தில கொழும்பில தமிழர் இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி, அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கக்கூடப் போகேலாது. இருந்தும் அண்டைக்கு இரவு எங்கட ஒழுங்கையில எல்லா வீட்டு ஆக்களும் வெளியில வந்து நிண்டவை. வெடிச் சத்தம் கேட்டு முதல்ல பயந்திட்டு, பிறகுதான் பட்டாசு எண்டு விளங்கிச் சிரிச்சது.

ஓப்பனர்மாரைப் பற்றி: ஃபுல்டாஸ் சொல்லுறதில அரைவாசி சரி. அரவிந்த இல்லாட்டி மிச்சமெல்லாம் கதை.

ஃபுல்டாஸ்:

வெள்ளவத்தை அண்ணே, வணக்கம். அரவிந்த விஷயத்துல நானும் சண்டைக்கு வரல. 31, 66, 107 நாட் அவுட், கூட இறுதியில 3 விக்கெட், ரெண்டு கேட்ச். மனுஷன் ஒரு ஆளா ஒரு டீம்.

ஆனா அசாருதீன்? 98-க்கு 1-ல இருந்து 120-க்கு 8. இருபத்திரண்டு ரன்னுக்கு ஏழு விக்கெட். அந்தப் பிட்ச்ல ரெண்டாவது ஆடினது தற்கொலை. இதை எப்படி நியாயப்படுத்துவீங்க?

கவர்டிரைவ்:

நியாயப்படுத்துகிறேன். 2023 அகமதாபாத் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான பிட்ச். கம்மின்ஸ் டாஸ் ஜெயித்து ஃபீல்டிங் எடுத்தார். அப்போது டிவியில் எத்தனை பேர் சிரித்தார்கள்? இந்தியா 240. ஆஸ்திரேலியா 47-க்கு 3 ஆனது. அங்கே டிராவிஸ் ஹெட் அவுட் ஆகியிருந்தால் இன்றைக்கு கம்மின்ஸும் அசாருதீன் வரிசையில் நின்றிருப்பார். ஹெட் 137 அடித்தார், கம்மின்ஸ் மேதை ஆகிவிட்டார்.

கல்கத்தாவில் சச்சின் 65-ல் இருக்கும் வரை பிட்ச் பூதம் எதுவும் காட்டவில்லை. ஜெயசூர்யா லெக் சைடில் போட்ட ஒரு பந்து பேடில் பட்டு உருண்டது, சச்சின் ரன்னுக்கு ஓரடி வெளியே வந்தார், கலுவிதாரண பாய்ந்து பெயிலைத் தட்டிவிட்டார். (14 ரன் எடுத்த ஆள் நாக் அவுட்டில் செய்த மிகப் பெரிய காரியம் அந்த ஸ்டம்ப்பிங்தான், என்னைக் கேட்டால்.) அதற்கு அப்புறம் அசாருதீன் 0, மஞ்ச்ரேக்கர் 25-ல் போல்டு, ஸ்ரீநாத் ரன் அவுட், ஜடேஜா 0. அந்த இந்திய அணி சச்சினை மட்டும் நம்பி இருந்தது. டாஸ் மேல் பழியைப் போட்டால் பேட்டிங்கைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

லாகூரில் ரணதுங்கவும் டாஸ் ஜெயித்து ஃபீல்டிங்தான் எடுத்தார். அதுவரை நடந்த ஐந்து இறுதி ஆட்டத்திலும் முதலில் ஆடிய அணிதான் ஜெயித்திருந்தது. அவர் தோற்றிருந்தால்?

நைட்வாட்ச்மேன்:

ரணதுங்க ஏன் அப்படி எடுத்தார்?

ஸ்கோர்கார்டு மாமா:

பனி. லாகூரில் ராத்திரி விளக்கு போட்ட பிறகு பந்து நனைந்துபோகும். வார்ன் 10 ஓவர் போட்டு 58 கொடுத்தார், விக்கெட் கிடையாது. ஈரப் பந்தை அவரால் விரலில் நிறுத்த முடியவில்லை. இலங்கையின் நான்கு ஸ்பின்னரும் காய்ந்த பந்தில் போட்டு முடித்துவிட்டார்கள். இதுதான் மொத்தத் திட்டமும். ஆக அதுவும் ஸ்பின்னை வைத்துப் போட்ட கணக்கு.

இன்னொரு வேடிக்கை. 1996 இறுதியில் ஆஸ்திரேலியா 241. 2019 இறுதியில் நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. 2023 இறுதியில் ஆஸ்திரேலியா ஜெயித்த ஸ்கோரும் 241. 1996-ல் 10 ஓவர் போட்ட தர்மசேனதான் 2019-ல் ஸ்டோக்ஸ் பேட்டில் பட்டுப் போன ஓவர்த்ரோவுக்கு ஆறு ரன் கொடுத்த அம்பயர்.

மெரினா எண்ட்:

மாமா 241 லாட்டரி நம்பர் மாதிரி சொல்றாரே!

பெங்களூர்ல நடந்த இந்தியா - பாகிஸ்தான் காலிறுதி பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல. மார்ச் 9. வக்கார் முதல் எட்டு ஓவர்ல 27 ரன். கடைசி ரெண்டு ஓவர்ல 40. ஜடேஜா 25 பந்துல 45. சித்து 93. அங்கயும் பாருங்க, அக்ரம் காயம்னு ஆடல, சொஹைல் கேப்டன். 287 துரத்தறப்ப சொஹைலும் அன்வரும் பத்து ஓவர்ல 84. சொஹைல் பிரசாத்தை கவர் பக்கம் ஃபோர் அடிச்சுட்டு, பேட்டால அந்தப் பக்கத்தைக் காட்டி "அடுத்ததும் அங்கதான்"ன மாதிரி நின்னாரு. அடுத்த பந்து ஆஃப் ஸ்டம்ப் பறந்துச்சு. மியாண்டாட் 38-ல ரன் அவுட், முதல் ஆறு உலகக் கோப்பையும் ஆடின ஒரே ஆளு, அதோட போயிட்டாரு.

இதுலயும் முதல் 15 ஓவர் பாகிஸ்தானுக்குத்தான். மேட்ச் நமக்கு. கவர்டிரைவ் கட்சிக்கு இன்னொரு ஓட்டு.

நைட்வாட்ச்மேன்:

ஆனா காலிறுதி முறையே நியாயம் இல்லாத மாதிரி இருக்கே? 12 டீம்ல 8 டீம் உள்ள வந்தா லீக் எதுக்கு? தென்னாப்பிரிக்கா அஞ்சுக்கு அஞ்சு ஜெயிச்சு, ஒரே மேட்ச்ல வெளிய. கென்யாகிட்ட 93-க்கு ஆல் அவுட் ஆன வெஸ்ட் இண்டீஸ் அவங்களை அனுப்பிட்டாங்க.

கவர்டிரைவ்:

லீக் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்று வாரம் ஓட்டி நான்கே அணிகளைக் கழித்துவிட்டார்கள். ஆனால் கராச்சியில் தென்னாப்பிரிக்கா தானே போட்டுக்கொண்ட கணக்கு அது. ஆலன் டொனால்டை உட்காரவைத்துவிட்டு சிம்காக்ஸ், பால் ஆடம்ஸ் என்று இரண்டு ஸ்பின்னர். லாரா சிம்காக்ஸின் ஒரே ஓவரில் ஐந்து பவுண்டரி. 94 பந்தில் 111. தென்னாப்பிரிக்கா துரத்தும்போது ஹார்ப்பர் 4 விக்கெட், ஜிம்மி ஆடம்ஸ் 3, அங்கேயும் ஸ்பின் தான் ஆட்டத்தை எடுத்தது.

ஸ்பின்னர் பேர் இரண்டு எழுதினால் போதாது, எப்போது கொண்டுவருவது, யாருக்குப் போடுவது என்று தெரிய வேண்டும். ரணதுங்கவுக்குத் தெரிந்தது. மொஹாலியில் ஆஸ்திரேலிய கேப்டன் டெய்லருக்கும் தெரிந்தது. 165-க்கு 2 என்று இருந்த வெஸ்ட் இண்டீஸை வார்னைத் திரும்பக் கொண்டுவந்து 202-க்குச் சுருட்டினார். ரிச்சர்ட்சன் மறுமுனையில் 49-ல் நின்றுகொண்டே இருந்தார். 5 ரன்னில் தோல்வி.

ஃபுல்டாஸ்:

சரி, ஒரு கேள்வி. அரவிந்த, ஸ்பின்னுனு எல்லாம் பேசியாச்சு. குருசிங்கவை ஏன் ஒருத்தரும் சொல்லல? இறுதியில 23-க்கு 2-ல இருந்து அரவிந்தகூட 125 ரன் சேர்த்தாரு.

வெள்ளவத்தை:

நல்லாக் கேட்டியள். 99 பந்து, 65 ஓட்டம். ஸ்டுவர்ட் லோ ஒரு பிடியை விட்டதும் உண்மைதான். ஆனா அவர் அண்டைக்கு நிண்டதாலதான் அரவிந்த அவசரப்படாமல் ஆடினவர். பிறகு ரணதுங்க வந்து 37 பந்தில 47, வோர்னுக்கு ஒரு ஆறும் அடிச்சவர். 46.2 ஓவரில 245.

ஸ்கோர்கார்டு மாமா:

குருசிங்க தொடரில் மொத்தம் 307. அரவிந்தவுக்கு அடுத்தபடி இலங்கையில் அவர்தான். ஜெயசூர்யாவை விட 86 அதிகம்.

மெரினா எண்ட்:

மொஹாலி மேட்ச்சுக்குத் தனி இழை போடுங்க கவர்டிரைவ். 15-க்கு 4-ல இருந்து லாவும் பெவனும் தூக்கினது, கடைசி ஓவர்ல ஃப்ளெமிங், அம்ப்ரோஸ் ரன் அவுட், வால்ஷ் போல்டு... அதெல்லாம் இங்க அடிக்குறிப்பா போயிரக் கூடாது.

கவர்டிரைவ்:

போட்டுவிடுகிறேன். அதிலும் ஃபுல்டாஸ் டாஸ் பற்றித்தான் கேட்பார், ஆகவே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்த டெய்லர்தான் 15-க்கு 4-ல் நின்றார்.